ஊசி கவுண்ட்டர் மஞ்சுளா

மஞ்சுளா யாரையும் நம்பமாட்டாள். அவளைப் பிடிக்காதவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அவளே வாய் நிறையச் சொல்லிக்கொள்வதுதான். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துத்தான் வெட்டுவாள். கோயிலில் பொங்கல் கொடுத்தால்கூட எந்த அண்டாவிலிருந்து எடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். அவள் புருஷன் திருமலை படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்பாள். ஸ்டாண்டில் என்று அவன் சொன்னால், ஹாரன் அடித்துக் காட்டச் சொல்வாள். அவன் வண்டி ஹாரன் அவளுக்கு அத்துப்படி. இப்போதெல்லாம் திருமலையின் போன் அடித்தாலே பக்கத்து ஆட்டோக்காரர்கள் கையை நீட்டி அவன் ஹாரனை அழுத்திவிடுகிறார்கள்.

பிறந்தது மணிமங்கலம், வாழ்க்கைப்பட்டது படப்பை. ஒரகடத்தில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டப் போனவள், குனிந்து குனிந்து தைத்ததில் முதுகைத் தொலைத்தாள். இனிமேல் குனிந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று என்றுதான் அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஊசி கவுண்ட்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போக, கம்பெனி மஞ்சுளாவை அங்கே உட்காரவைத்தது. ஆளைப் பார்த்து வேலை கொடுத்தார்களோ, வேலையைப் பார்த்து ஆள் பிறந்தாளோ, அப்படி ஒரு பொருத்தம்.

ஏனென்றால் அந்தக் கவுண்ட்டரே சந்தேகப்படுவதற்காக வைத்ததுதான். சீட் உறைக்குள் ஓர் ஊசித் துண்டு தங்கிப் போய்விட்டால், என்றைக்காவது ஒருநாள் காரில் சாய்ந்து உட்காருகிறவர் முதுகில் அது ஏறும். அதனால் தையல் மெஷின் லைனில் ஊசி உடைந்தால் மெஷினை உடனே நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் தரையில் தவழ்ந்தாவது பொறுக்கி, காகிதத்தில் வைத்து டேப் ஒட்டி, கவுண்ட்டருக்குக் கொண்டுவர வேண்டும். மஞ்சுளா துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பாள். முழு ஊசி ஆகிவிட்டது என்று அவளுக்குத் திருப்தி வந்தால்தான் புது ஊசி. நுனியில் துளி குறைந்தாலும் கிடையாது. டார்கெட் போகிறது என்று கெஞ்சினாலும் கிடையாது. லைன் பெண்கள் அவளுக்கு ஸ்கேனர் என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியது. அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அப்பேர்ப்பட்ட மஞ்சுளாவின் கவுண்ட்டரில்தான் ஒரு ஊசி காணாமல் போயிற்று.

புது ஊசிகளைக் குழி குழியாக இருக்கும் ஒரு தட்டில் செருகி வைப்பார்கள். புது ஊசி வெளியே போனால் அந்தக் குழிக்குப் பழைய ஊசி வந்துவிட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரம் தட்டைப் பார்த்தால், ஒரு குழி காலியாகக் கிடந்தது. புதுசும் இல்லை, பழசும் இல்லை. மஞ்சுளா தட்டைக் கவிழ்த்தாள், மேசையை நகர்த்தினாள், காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்தாள். சூப்பர்வைசர் அருள்பாண்டி வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. அடுத்த வாரம் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள், அதற்குள் ஊசி வரவில்லை என்றால் கவுண்ட்டரில் வேறு ஆளைப் போட்டுவிட்டு உங்களை லைனுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனார். லைனுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அவள் முதுகுக்கு ஒன்றுதான்.

யார் எடுத்திருப்பார்கள்? தானே எங்கேயாவது விட்டிருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாவைச் சந்தேகப்பட்டாள். டீ கொண்டுவருகிறவரைச் சந்தேகப்பட்டாள். நேற்றுப் புது ஊசி கிடைக்காமல் முறைத்துவிட்டுப் போன லைன் பெண் ப்ரீதியைச் சந்தேகப்பட்டாள். அருள்பாண்டியே தன்னை ஒழித்துக்கட்டத் திட்டம் போட்டிருப்பாரோ என்றுகூட ஒரு யோசனை வந்தது. கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேருவதற்குள் பாதிக் கம்பெனியைத் திருடர்களாக்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பின்தெரு கனகம் வந்தாள். கனகம் முன்பு நிலம் வைத்துப் பயிர் செய்தவள். இப்போது அந்த இடத்தில் வரிசையாக ரூம் கட்டி, கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். கையில் ஒரு கைக்குட்டை வைத்திருந்தாள். ஓரத்தை மடித்து எம்மிங் போட்டு, சுற்றிலும் வெள்ளை நூலில் லேஸ் பின்னியிருந்தது. தானே போட்டது என்று கனகத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவள் ரூமில் குடியிருக்கும் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஜாஸ்மின், ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் தெருப் பெண்களுக்குக் கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷா சொல்லித் தருகிறாளாம். ஜாஸ்மின் மஞ்சுளாவின் கம்பெனியில்தான் மெஷின் ஓட்டுகிறாள். அந்த வகுப்பைப் பற்றி மஞ்சுளாவுக்கு முன்பே சந்தேகம் உண்டு. சும்மா யாராவது சொல்லித் தருவார்களா? முதலில் நூல் என்பாள், அப்புறம் சீட்டு என்பாள், அப்புறம் ஒருநாள் ரூமைக் காலி செய்துகொண்டு ஓடிவிடுவாள் என்று திருமலையிடம் அடித்துச் சொல்லியிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு அவள் கண் லேஸில் நிற்கவில்லை. கனகத்தின் கையிலிருந்த கொக்கி ஊசியில் நின்றது. பழைய பேனாக் குழாயைப் பிடியாக வைத்து, அதில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைச் செருகி, நுனியில் கொக்கி அராவியிருந்தது. எல்லாம் ஜாஸ்மின் வீட்டில் செய்ததுதான் என்றாள் கனகம். மஞ்சுளா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சீட் தைக்கிற ஊசி கிட்டத்தட்ட இந்தக் கனம்தான். அந்த ஊசிக்கு நுனியில் காது இருக்கும். காதின் ஒரு பக்கத்தை அரத்தால் தேய்த்துவிட்டால் மிச்சம் நிற்பது கொக்கிதானே? ஊசியைக் கண்ணிலேயே வைத்துப் பிழைக்கிற ஒருத்திக்குத்தான் இப்படித் தோன்றும். தோன்றியதும் மஞ்சுளாவுக்குக் காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் ஆளாக மாடிக்குப் போய்விட்டாள். ஷீட் போட்ட நிழலில் பாய் விரித்திருந்தது. நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் கொக்கி ஊசிகள். யார் வேண்டுமானாலும் கையைவிட்டு எடுக்கலாம். பொறுப்பில்லாத வேலை என்று மஞ்சுளா மனசுக்குள் குறித்துக்கொண்டாள். ஜாஸ்மினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கவுண்ட்டரில் ஊசித் துண்டு குறைகிறது என்று எத்தனையோ தடவை இவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள் மஞ்சுளா. அந்த மனக்கசப்பு ஒன்றும் அவள் முகத்தில் தெரியவில்லை. தெரியாததே மஞ்சுளாவுக்குச் சரியாகப் படவில்லை.

இந்தக் கம்பி எங்கே கிடைத்தது என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். சைக்கிள் சக்கரத்துக் கம்பி என்றாள் ஜாஸ்மின். ஊரில் அவள் அம்மா வெட்டி அராவிக் கொடுத்ததாம்; அவர்கள் தெருவில் லேஸ் பின்னாத பெண்ணே கிடையாதாம். இந்தக் காலத்தில் சைக்கிளையே காணோம், அதில் கம்பி வேறா என்று மஞ்சுளா நினைத்தாள்.

வந்த சாக்குக்குக் கற்றுக்கொள்ளவும் வேண்டியிருந்தது. முதலில் நூலில் ஒரு சுருக்கு. அதற்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள்ளே மறுபடி இழுத்தால் இன்னொன்று. இப்படியே போனால் செயின். எட்டுப் பத்துக் கண்ணியை வட்டமாகச் சேர்த்துவிட்டால், அதைச் சுற்றிச் சுற்றி வரிசை ஏற்றிக்கொண்டே போகலாம். கனகம் பேச்சும் சிரிப்புமாக மொபைல் பை ஒன்றைப் பாதி முடித்துவிட்டாள். மஞ்சுளா செயின் வரைக்கும் வந்துவிட்டாள். அடுத்த வரிசைக்கு ஊசி நுழையவே இல்லை. கண்ணி ஒவ்வொன்றும் கல்லாக இறுகிக் கிடந்தது. ஜாஸ்மின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் விரலைப் பிரித்துவிட்டாள்.

“எக்கா, நூல இப்பிடி இறுக்கிப் பிடிச்சா ஊசி எங்க நொழையும்? அது எங்கயும் ஓடிப் போவாது. விட்டுப் பிடிங்க.”

விட்டுப் பிடிக்க மஞ்சுளாவுக்கு அன்றைக்குப் பூராவும் வரவில்லை. பிரித்தாள், போட்டாள், மறுபடி பிரித்தாள். வெயில் சாய்கிற நேரத்தில், டம்ளருக்கு அடியில் வைக்கிற அளவில் ஒரு வட்டம் கையில் நின்றது. கோணல் வட்டம்தான். ஆனாலும் அவள் கையால் வந்தது. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்படித் தடவியதற்கு அடுத்த நிமிஷமே, இந்தப் பெண் நம்மை மயக்கப் பார்க்கிறாள் என்று தன் மேலேயே கோபம் வந்தது. எல்லோரும் பாயைச் சுருட்டுகிற சமயம், கையிலிருந்த கொக்கி ஊசியை டப்பாவில் போடாமல் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கம்பெனி ஊசி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜாஸ்மினின் வேலை போகும், தன் வேலை நிற்கும். இதில் பாவ புண்ணியம் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

இங்கேதான் அவளுடைய சாமர்த்தியமே அவளுக்குக் குழி தோண்டிற்று. கூரான எந்தச் சாமானையும் உள்ளே எடுத்துப்போகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். கேட்டில் கைப்பையைத்தான் கிளறுவார்கள், டிபன் பையை விட்டுவிடுவார்கள். மஞ்சுளா கொக்கி ஊசியை ஸ்பூனோடு சேர்த்துத் துணியில் சுற்றி டிபன் பையின் அடியில் வைத்தாள். டிபன் பையை ஏன் பார்ப்பதில்லை, அதில் யார் எதை வேண்டுமானாலும் கொண்டுபோகலாமே என்று போன மாதம் மீட்டிங்கில் எழுந்து நின்று கேட்டவளும் அவள்தான். அந்தத் திங்கட்கிழமை முதல் அவள் யோசனை அமலுக்கு வந்திருந்தது.

செக்யூரிட்டி ஆபீசர் தணிகாசலம் துணியைப் பிரித்தார். கொக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊசியைக் காபந்து பண்ணுகிற மஞ்சுளா, ஊசி ஒன்று காணாமல் போயிருக்கிற நேரத்தில், எஃகு ஊசி மாதிரி ஒன்றை ஸ்பூனோடு ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எக்கிப் பார்த்தார்கள். ப்ரீதி பார்த்தாள். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று மஞ்சுளாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் கவுண்ட்டருக்குப் பின்னாலிருந்து அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வைதான் அது.

ரூமுக்குள் உட்காரவைத்து, “இன்னாமா இது?” என்று கேட்டார் தணிகாசலம்.

ஜாஸ்மின் பேர் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கியது நல்ல மனசால் அல்ல. அவள் பேரைச் சொன்னால், கவுண்ட்டர்காரியும் லைன்காரியும் கூட்டுச் சேர்ந்து ஊசி கடத்துகிறார்கள் என்றுதான் இவர் நினைப்பார் என்று கணக்குப் போட்டாள். தான் அந்த நாற்காலியில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பாள். அதனால் வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னாள்: தன்னுடையதுதான், குரோஷா கற்றுக்கொள்கிறாள், வீட்டில் போட்டுப் பழக வைத்திருந்தாள், தெரியாமல் ஸ்பூனோடு சேர்ந்து வந்துவிட்டது. தணிகாசலம் அவளையே பார்த்தார். இந்த மாதிரிக் கதைகளை நிறையக் கேட்டவர். மேசையடியில் பார்சல் கட்டும் நூல்கண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

“போட்டுக் காட்டு பாக்கலாம்.”

மஞ்சுளா நூலை எடுத்தாள். சுருக்குப் போட்டாள், செயின் இழுத்தாள். பயத்தில் நூலை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். வட்டமாகச் சேர்த்து அடுத்த வரிசைக்குக் குத்தினால் ஊசி நுழையவில்லை. அவள் முகத்தையே தணிகாசலம் பார்த்துக்கொண்டிருந்தார். இதோடு முடிந்தது என்று நினைத்தாள். அப்புறம் மூச்சை விட்டாள், விரலை விட்டுப் பிடித்தாள். ஊசி நுழைந்தது. ஒரு கண்ணி, பக்கத்தில் இன்னொரு கண்ணி. முதல் சுற்று முடிந்து இரண்டாம் சுற்றில் கை தானாக ஓடத் தொடங்கிற்று.

அப்போதுதான் அவள் கட்டைவிரல் அந்தக் கம்பியைக் கவனித்தது. மெஷின் ஊசி எதுவானாலும் ஒரு பக்கம் நெடுக நூல் ஓடுவதற்கு ஒரு பள்ளம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவளுக்குத் தெரியும். இந்தக் கம்பியில் அது இல்லை. சுற்றிலும் வழவழவென்று உருண்டை. சைக்கிள் கம்பிதான். நேற்று மத்தியானம் முழுக்க இதே விரல்களுக்கு நடுவேதான் இது இருந்தது. ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் போதும். பார்க்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தீர்ப்பு முன்பே எழுதியாகிவிட்டது.

அருள்பாண்டி வந்து கம்பெனி ஊசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இது நம்முடையது இல்லை என்று தலையாட்டினார். தணிகாசலம் அந்தச் சின்ன வட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். கொக்கியைச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். இனி இப்படி நடந்தால் கேட்டோடு நின்றுவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

மறுநாள் மெக்கானிக் மாசானம் ஊரில் கோயில் கொடைத் திருவிழா முடிந்து லீவிலிருந்து திரும்பினார். ஊசி காணாமல் போன கதையைக் கேட்டதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூலையில் உறை போட்டு நிற்கும் ரிப்பேர் மெஷினுக்கு வெள்ளிக்கிழமை காலையில் நான்தானே ஒரு ஊசி மாட்டினேன் என்றார். “நீங்கதான மேடம் எடுத்துக் குடுத்திய? மெஷின்ல ஊசியே இல்ல, பழச எங்க குடுக்கன்னு நான் கேக்கல?” கேட்டிருந்தார். அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்திருந்தாள். உறையைத் தூக்கினால் ஊசி அங்கேயே பளபளவென்று நின்றது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கையை மட்டும் விட்டுவைத்திருந்தாள். ஆடிட் ஒழுங்காக முடிந்தது. கவுண்ட்டர் அவளுக்கே நின்றது. அருள்பாண்டி சிரித்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு யாரும் வருவதற்கு முன்னால் மாடிக்குப் போனாள். யாருக்கும் தெரியாமல் கொக்கியை டப்பாவில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்பது அவள் எண்ணம். ஜாஸ்மின் ஏற்கெனவே பாய் விரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவளுக்கு வேறு ஷிஃப்ட். ஆனாலும் லைன் பெண்கள் சொல்லிச் சேதி வந்துவிட்டது. மஞ்சுளாவைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து வந்தாள்.

“செக்யூரிட்டி ரூம்லயே போட்டுக் காட்டினீங்களாமே எக்கா! ஒரே நாள்ல படிச்சிட்டீங்கன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுகேன். ஊசிய நீங்க சொருகினத அன்னைக்கே நான் பாத்தேம்லா. வீட்ல போட்டுப் பழகத்தானே எடுத்தீங்க? கேட்டா கூச்சப்படுவீங்கன்னு விட்டுட்டேன்.”

கேட்டில் தப்பிப்பதற்காக மஞ்சுளா சொன்ன பொய், அதே வார்த்தைகளில், இந்தப் பெண்ணின் மனசில் ஒரு வாரமாக உண்மையாகவே இருந்திருக்கிறது. இவள் நடிக்கிறாளோ என்று பழக்க தோஷத்தில் ஒரு கணம் முகத்தை ஆராய்ந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒன்று மட்டும் வாயில் வரவில்லை.

“பழகறதுக்கு இல்ல ஜாஸ்மின். கம்பெனி ஊசிய நீதான் எட்துகினு வந்து, காத அராவி இத செஞ்சிகீறன்னு நெனச்சேன். வெச்சிப் பாத்து உன்ன மாட்டிவுடத்தான் எட்துகினு போனேன்.”

ஜாஸ்மின் கொக்கியை வாங்கிக்கொண்டாள். பிடியில் ஒட்டியிருந்த பார்சல் நூல் பிசிரை நகத்தால் எடுத்தாள். கம்பெனி ஊசி கிடைத்துவிட்டதா என்று கேட்டாள். கிடைத்துவிட்டது என்றாள் மஞ்சுளா. நல்லது என்றாள் ஜாஸ்மின். அதற்குள் கனகமும் மற்றவர்களும் பேசிக்கொண்டே படியேறி வந்துவிட்டார்கள்.

வகுப்பு எப்போதும்போல நடந்தது. மஞ்சுளாவுக்கும் டப்பாவிலிருந்து ஓர் ஊசி வந்தது. கைப்பைக்கு அடிப்பாகம் போட ஜாஸ்மின் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள், தப்பைத் திருத்தினாள். விரலை மட்டும் தொட்டுத் திருத்தவில்லை. தன் கையில் போட்டுக் காட்டினாள். முடிகிற நேரம் எல்லோரும் ஊசியை டப்பாவில் போட்டார்கள். மஞ்சுளாவும் போட்டாள், எல்லோரும் பார்க்கும்படியாகவே போட்டாள். ஜாஸ்மின் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அடுத்த வாரத்துலருந்து நீங்க சொந்தமா ஒரு ஊசி வாங்கிட்டு வந்திருங்க எக்கா. படப்பை ஃபேன்சி ஸ்டோர்ல கெடைக்கும்.”

கனகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சரே தனி ஊசி வாங்கச் சொல்கிற அளவுக்கு மஞ்சுளா தேறிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னாள். மஞ்சுளாவும் ஆமாம் என்று சிரித்துவைத்தாள்.